எதிர்வாசலும் மதுரை மாடியும்

பரீட்சை முடிவு வரும் நாளில் பிரவுசிங் சென்டர் வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்த காலம் ஒன்று இருந்தது. ஒரு பிள்ளையின் நம்பரைத் தட்டினால் அப்பா, அம்மா, சித்தி, பக்கத்து வீட்டுக்காரர் எல்லாரும் நாற்காலிக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். மோடம் கீச்சிட்டு ஓய்ந்த பிறகு, திரை மேலிருந்து கீழாக நிதானமாக விரியும். இன்று படுத்துக்கொண்டே பார்த்துவிடுகிறோம். அந்தக் கூட்டத்தின் சந்தோஷம் மட்டும் கைப்பேசியில் வரவில்லை.

அப்போது பாளையங்கோட்டையில், பெரிய கல்லூரி ஒன்றின் வாசலுக்கு நேர் எதிரே, செண்பகவல்லி பிரவுசிங் சென்டர் நடத்திவந்தாள். அவள் தூக்கி வளர்த்த தம்பி கோமதிநாயகம் தென்மாவட்ட இணைய நிறுவனங்களின் சங்கத்தில் பொறியாளர்.

ஒரு வருஷம் முடிவு வருவதற்கு முந்தின நாள் கடலடிக் கேபிள் அறுந்தது. முடிவுகள் இருந்த கணினி என்னவோ சென்னையில்தான் இருந்தது. ஆனால் ஒரு பெயரைத் தட்டினால், அது எங்கே இருக்கிறதென்று முதலில் மூலப் பெயர்க் கணினியிடம் கேட்க வேண்டும். நம் நாட்டுப் பெயருக்கு யாரிடம் போவது என்று அதுதான் கைகாட்டும். கைகாட்ட வேண்டியது கடலுக்கு அப்பால் இருந்தது. திரை வெள்ளையாகவே நின்றது. "கடை நடத்தத் தெரியாதவ" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுக் கூட்டம் கலைந்தது. செண்பகவல்லி ஷட்டரை இறக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்து அழுதாள்.

"இனி உன் கடை ஒருநாளும் இப்படி நிக்காதுக்கா" என்று தம்பி வாக்குக் கொடுத்தான்.

சில மாதங்களில் அந்த மூலக் கணினியின் நகல் ஒன்று சங்கத்துக்குக் கிடைத்தது. ஒன்றே ஒன்றுதான். அதை எங்கே வைப்பது என்ற பொறுப்பு கோமதிநாயகத்தின் தலையில் விழ, மூன்று ஊர்கள் வரிந்துகட்டிக்கொண்டு வந்தன. இணையத்தை அதிகம் பேர் பயன்படுத்துவது எங்களிடம்தான் என்றது பாளையங்கோட்டைக் கல்லூரி. மின்சாரமே போகாத குளுகுளு மண்டபம் தருகிறோம் என்றார்கள் தூத்துக்குடிக்காரர்கள். மதுரையில் இருந்ததோ பாத்திரக்கடை மாடியில் வெந்துபோகிற ஓர் அறை. எல்லா நிறுவனங்களின் கம்பிகளும் ஒன்றோடொன்று சேர்வது அங்கேதான். கரண்டும் அடிக்கடி போகும்.

"எதுத்தாப்ல இருக்கு காலேஜ். அங்கனயே வச்சிரு, தம்பி. கண்ணால பாத்துக்கிட்டே இருப்பேன்" என்றாள் அக்கா.

அந்தச் சமயத்தில்தான் அவள் வீட்டுக் கிரகப்பிரவேசம் வந்தது. எதிர்க் கல்லூரி முதல்வருக்கு அழைப்பை மின்னஞ்சலில் அனுப்பினாள். அது போய்ச் சேரவில்லை. மதுரையில் கரண்ட் இல்லையாம்.

"ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிறவருக்கு அனுப்ப மதுரையில எதுக்குலே கரண்ட்டு?" என்று சிரித்துவிட்டு, ரோட்டைக் கடந்து கையிலேயே கொடுத்துவிட்டு வந்தாள். தம்பி மட்டும் சிரிக்கவில்லை.

மறுவாரம் கோமதிநாயகம் மதுரை மாடியைத் தேர்ந்தெடுத்தான். அங்கே நல்ல பேட்டரிகள் வேண்டும் என்றும் சங்கத்தில் அடம்பிடித்து வாங்கினான். செண்பகவல்லிக்குக் கோபம் பொங்கியது. பேச்சையே நிறுத்திவிட்டாள். வருஷம் தவறாமல் அவள் வீட்டிலிருந்து வரும் தீபாவளி அதிரசம் அந்த வருஷம் வரவில்லை. கோமதிநாயகத்துக்குப் பண்டிகையே கசந்தது.

கதை கேட்டவர்களே, சொல்லுங்கள்: அக்காவுக்குக் கொடுத்த வாக்கைத் தம்பி மீறினானா, காப்பாற்றினானா?

விடை: காப்பாற்றினான். கிரகப்பிரவேச அழைப்புதான் சாட்சி. செண்பகவல்லிக்குக் கல்லூரி ரோட்டுக்கு அந்தப் பக்கம். ஆனால் கடைக்கும் கல்லூரிக்கும் இணையம் தருவது வெவ்வேறு நிறுவனங்கள்; அவள் கடைக் கம்பிக்கோ அது மதுரை போய்த் திரும்பி வரும் தூரம். நகலைக் கல்லூரியில் வைத்திருந்தாலும் அவள் கேள்வி மதுரையைத் தொட்டுத்தான் வர வேண்டும்; அங்கே கரண்ட் போனால் எதிர்வாசலில் இருப்பதும் எட்டாது. தூத்துக்குடி மண்டபத்தின் கதியும் அதேதான். கம்பிகள் கூடும் இடத்தில் வைத்து, அந்த இடம் அணையாமல் பார்த்துக்கொண்டதால் எல்லா ஊருக்கும் பக்கமாயிற்று. அடுத்த வருஷமும் முடிவு வரும் நாளில் கேபிள் அறுந்தது. மதுரை நகல் கைகாட்ட, செண்பகவல்லியின் கடையில் திரை விரிந்தது. நாற்காலிகளுக்குப் பின்னால் சிரிப்பும் அழுகையுமாக ஒரே கூட்டம். அன்று சாயங்காலம், தீபாவளிக்கு இன்னும் எத்தனையோ மாதம் இருக்க, கோமதிநாயகம் வீட்டுக்கு ஒரு தூக்குச்சட்டி நிறைய அதிரசம் வந்தது.