அம்மிக்குக் காது இருக்கா?

“எம்புட்டு ஊத்துனாலும் அசைய மாட்டேங்குது மேடம்” என்றார் தவசிமுத்து.

ரெஜினா மேடம் நிமிர்ந்து பார்த்தார்.

மாணவருக்கு வயது ஐம்பதை நெருங்குகிறது. ஆசிரியைக்கு நாற்பதுகூட ஆகவில்லை. தவசிமுத்து உசிலம்பட்டிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் வாத்தியார். முனைவர் பட்டம் வாங்கியே தீருவது என்று சம்பளமில்லா விடுப்பில் வந்து இந்த ஆய்வகத்தில் சேர்ந்தவர். விடுப்பு இந்த மாதத்தோடு சரி. வியாழக்கிழமை ஆய்வுக்குழு வருகிறது. அவர்களுக்குக் காட்ட ஒன்றும் இல்லையென்றால் வெறுங்கையோடு ஊர் திரும்ப வேண்டியதுதான்.

“என்ன ஊத்துனீங்க?”

“பிட்யூட்டரி ஹார்மோன்தான். மொத நாளு ஊத்துனப்ப கிடா விதையிலருந்து எடுத்த செல்லுங்க டெஸ்டோஸ்டிரோனக் கொட்டுச்சுங்க. இன்னும் நல்லா வரட்டுமேன்னு காலையில ஊத்துனேன், சாயங்காலம் ஊத்துனேன். இப்ப சுத்தமா நின்னு போச்சு.”

“டெஸ்டோஸ்டிரோன் செய்யுறதுக்குக் கொலஸ்ட்ரால் வேணுமே. இருக்கா?”

“அது கெடக்கு எண்ணெய்ச் சொட்டா. மைட்டோகாண்ட்ரியாவுக்குள்ள தூக்கிட்டுப் போகத்தான் ஆளக் காணோம்.”

“அந்த ஆள எழுப்புறது யாரு?”

“செல்லுக்குள்ள ஓடுற தூதன்.”

“தூதன அனுப்புறது?”

“வாசல்ல நிக்கிற ஹார்மோன். அது உள்ள வராது. வெளிய நின்னு கூப்பிடும், அம்புட்டுதான்.”

பரீட்சையில் கேட்டிருந்தால் முழு மதிப்பெண். மனுசருக்குப் பாடம் தெரியாமல் இல்லை.

“கூப்பிட்டீங்களா?”

“கூப்பிட்டுக்கிட்டேதான மேடம் இருக்கேன்!”

“இனி என்ன செய்யப் போறீங்க?”

“ரெண்டு மடங்கா ஊத்தப் போறேன். அடிமேல அடி அடிச்சா அம்மியும் நகரும். கடைசி பெஞ்சுப் பயலுகள எல்லாம் இப்பிடித்தான் பாஸ் பண்ண வச்சேன்.”

“அம்மிக்குக் காது இருக்கா சார்?”

இது என்ன கேள்வி என்று தவசிமுத்துவுக்குப் புரியவில்லை. எழுந்து தன் மேசைக்குப் போனார். நுண்ணோக்கியில் குனிந்து, எத்தனை செல்கள் உயிரோடு இருக்கின்றன என்று எண்ணத் தொடங்கினார்.

“தவசிமுத்து சார்!”

அடுத்த அறையிலிருந்து மேடத்தின் குரல். ஓடினார்.

“ஒண்ணுமில்ல. போங்க.”

எண்ணிக்கை விட்டுப்போயிருந்தது. முதலிலிருந்து தொடங்கினார்.

“தவசிமுத்து சார்!”

ஓடினார்.

“ஒண்ணுமில்ல சார்.”

மறுபடி கூப்பிட்டார். அதற்கும் ஓடினார். அடுத்த முறை நடந்து போனார். அதற்கடுத்த முறை வாசல்வரை போய்த் தலையை மட்டும் நீட்டினார். ஒவ்வொரு தடவையும் எண்ணிக்கை போனதுதான் மிச்சம். வயதுக்காவது மரியாதை வேண்டாமா என்று அவருக்குப் பொருமலாக இருந்தது.

குரல் நிற்கவில்லை.

பிறகு எந்தத் தொந்தரவும் இல்லை. எண்ணிக்கை ஒழுங்காகப் போயிற்று. யாரோ தோளைத் தொட்டார்கள். திரும்பினால் மேடம். உதடு அசைகிறது, ஒன்றும் கேட்கவில்லை.

தவசிமுத்து காதிலிருந்து பஞ்சை உருவினார்.

“இவ்வளவு நேரமா கத்துறேனே, கேக்கலையா?” என்றார் மேடம்.

“ஒண்ணுமில்லாததுக்கெல்லாம் கூப்பிட்டா மனுசன் என்னதான் செய்வான்?” கோபம் வெளிப்படையாகவே வந்தது. “பஞ்ச வச்சு அடைச்சுக்கிட்டேன்.”

“என்மேல கோபமா?”

“கோபந்தான். ஆனா அதுக்காக இல்ல மேடம். பொழப்பக் காப்பாத்தணும்ல? ஒவ்வொரு கூப்பாட்டுக்கும் ஓடிக்கிட்டிருந்தா நான் எப்ப...”

நிறுத்தினார். கையிலிருந்த பஞ்சைப் பார்த்தார். செல்கள் கிடந்த தட்டைப் பார்த்தார்.

“இன்னைக்குப் போதும்” என்று மேடம் தம் அறைக்குப் போய்விட்டார்.

தவசிமுத்து தட்டிலிருந்த ஹார்மோனை உறிஞ்சி வெளியே கொட்டினார். புதுத் திரவம் விட்டுக் கழுவினார். திரும்பவும் கழுவினார். தட்டை வெதுவெதுப்பான பெட்டிக்குள் வைத்து, கதவைச் சாத்திவிட்டு, எதிரில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார்.

ஊற்றுவதில் இருந்த அதே பிடிவாதம் இப்போது உட்காருவதில் இருந்தது. கை துறுதுறுத்தபோது அதைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டார். வியாழக்கிழமை நெருங்கிக்கொண்டிருந்தது. உட்கார்ந்தே இருந்தார்.

புதன்கிழமை மத்தியானம் மேடம் வந்து வாசலில் நின்றார்.

“நாளைக்குக் கமிட்டி வருது சார்.”

“தெரியும் மேடம்.”

“அப்ப இப்பவே கொஞ்சம் ஊத்திப் பாத்துரலாமே?”

தவசிமுத்து திரும்பவில்லை.

“சத்தம் போடாதீங்க மேடம்” என்றார். “அதுக மொதல்ல பஞ்ச எடுக்கட்டும்.”