உச்சிப்பொழுது ரகசியம்

பனிமலையின் அடிவாரத்தில் வெள்ளாயி என்றொரு முயல் தன் இரண்டு குட்டிகளோடு வாழ்ந்து வந்தது. கிழக்குச் சரிவு வந்து முடிகிற இடத்தில், ஒரு பாறைக்கு அடியில் அதன் வளை இருந்தது.

வருடத்தில் ஒரு வாரம் கீழ்க்காட்டு மிருகங்களுக்கு விடுமுறை. அந்த வாரம் காடே திரண்டு மலையேறி வந்துவிடும். மரப்பட்டையில் உட்கார்ந்து பனியில் சறுக்குவதில் அவற்றுக்கு அப்படியொரு பைத்தியம். கவரிமா என்கிற சடை எருது ஒன்று வடத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு, நாலு நாலாக எல்லாவற்றையும் உச்சிக்கு இழுத்துவிடும். ஒரு முறை சறுக்க அரை நாள் வரிசையில் நிற்க வேண்டும். நின்றவற்றில் பாதி, இடம்பிடிக்கிற சண்டையிலேயே பொழுதைக் கழித்தன.

மலையிலேயே பிறந்த வெள்ளாயி, கேட்ட மிருகங்களுக்கெல்லாம் யோசனை சொன்னது. விடிந்ததும் வந்துவிடுங்கள், முதல் நாளே உயரமான சரிவுக்குப் போகாதீர்கள், வயிற்றுக்கு ஏதாவது கொண்டுவாருங்கள், வெயில் ஏறினால் பனி இளகிவிடும், அதற்குள் இறங்கிவிடுங்கள் என்றது. எல்லாம் நல்ல யோசனைதான். ஆனால் எல்லாருக்கும் சொல்கிற யோசனைக்கு யார் கைதட்டுவார்கள்? தலையாட்டிவிட்டு நகர்ந்துவிட்டன. வெள்ளாயிக்கு மனசு சுருங்கிப்போனது. வருடம் முழுக்க யாரும் எட்டிப்பார்க்காத வளையில் கிடந்த அதற்கு, இந்த ஒரு வாரமாவது நாலு பேர் தன்னைப் பெரிதாக நினைக்க வேண்டும் என்று ஆசை.

இரண்டாம் நாள் கரடி வந்தது. வரிசையில் நின்று கால் வீங்கிவிட்டது என்று புலம்பியது. இந்த மலைக்கே நீங்கள்தான் ராணி என்றும் சொல்லிவைத்தது. வெள்ளாயி உருகிவிட்டது.

“கிட்ட வா. உச்சிப்பொழுதுல எல்லாரும் சாப்பிடப் போயிடுவாங்க. அப்ப கிழக்குச் சரிவுல ஈ காக்கா இருக்காது. இது நம்ம ரெண்டு பேருக்குள்ளயே இருக்கட்டும்.”

அந்த நேரத்தில் அங்கே பனி இளகியிருக்கும் என்பது அதற்குத் தெரியும். ஆளரவம் இல்லாத அந்த நேரத்தில்தான் தன் குட்டிகள் சரிவின் அடியில் விளையாடும் என்பதும் தெரியும். ஒரே ஒரு கரடி ஓரமாகச் சறுக்கினால் என்ன ஆகிவிடும் என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டது.

ஒன்றும் ஆகவில்லை. கரடி ஆசை தீரச் சறுக்கிவிட்டு வந்து, வெள்ளாயியைக் கட்டிக்கொண்டது. மறுநாள் நரி வந்தது. கரடிக்கு ஏதோ சொன்னீர்களாமே, நான் மட்டும் வேற்றாளா என்று குழைந்தது. அதற்கும் வெள்ளாயி சொன்னது. பிறகு மானுக்கு, பன்றிக்கு, குரங்குக் கூட்டத்துக்கு. கேட்ட மிருகமெல்லாம் யாரிடமும் மூச்சுவிட மாட்டேன் என்று சத்தியம் செய்தது. அன்று மாலைக்குள் அந்த ரகசியம் தெரியாத மிருகம் மலையில் இல்லை. ஒவ்வொன்றும் தனக்கு மட்டும்தான் தெரியும் என்ற மிதப்பில் திரிந்தது.

நான்காம் நாள் உச்சிப்பொழுது. வெள்ளாயி கிழங்கு தோண்டிவிட்டுத் திரும்பியது. நிமிர்ந்து பார்த்தால் மொத்தக் காடும் கிழக்குச் சரிவின் உச்சியில் நின்று முட்டிமோதிக்கொண்டிருந்தது. கீழே பாறையோரத்தில் குட்டிகள் இரண்டும் உருண்டு விளையாடிக்கொண்டிருந்தன. கிழங்கைப் போட்டுவிட்டு ஓடியது.

“யாரும் இறங்காதீங்க! கீழ என் பிள்ளைங்க இருக்கு!”

மேலே இருந்தவற்றுக்கு அது கேட்கத்தான் செய்தது. ஆனால் ஒதுங்கி நின்றால் இடம் போய்விடுமே! ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு எல்லாம் சேர்ந்து இறங்கின. அத்தனை பாரத்தை இளகிய பனி தாங்கவில்லை. சரிவே பெயர்ந்து வந்தது. அதன்மேல் சவாரி வந்த மிருகங்களுக்குச் சிராய்ப்போடு போயிற்று. பாறை இருந்த இடம் மட்டும் தெரியவில்லை.

வெள்ளாயி நகம் கிழியத் தோண்டியது. ஒரு மிருகமும் கைகொடுக்க வரவில்லை. மூத்த குட்டி உயிரோடு கிடைத்தது. இளைய குட்டியின் உடம்புதான் கிடைத்தது.

கரடி மேலே ஒட்டிய பனியைத் தட்டிவிட்டபடி அந்தப் பக்கமாக வந்தது. “இதுதான் கூட்டமில்லாத நேரமா? நல்லா சொன்னே, போ” என்று கடுகடுத்துவிட்டுப் போனது. வெள்ளாயி செத்த குட்டியை மடியில் எடுத்து வைத்துக்கொண்டது. கடைசியாக நரி வந்து, அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் காதோரம் குனிந்தது.

“நடந்தது நடந்துபோச்சு, முயலக்கா. நாளைக்கு எந்த நேரம் கூட்டம் கம்மியா இருக்கும்? என்கிட்ட மட்டும் சொல்லுங்க.”

நாலு பேரின் பாராட்டுக்காகத் தன் வீட்டின் காவலை விட்டுக்கொடுப்பவருக்கு வீடும் மிஞ்சாது, அந்தப் பாராட்டும் மிஞ்சாது.