கடல் யானை கொடுத்த இடுப்புவார்

"கொடுத்தவன் மறந்துவிடலாம், வாங்கினவன்..." என்று என் பெரியப்பா ஏதோ சொல்வார். பின்பாதி எனக்கு நினைவில்லை. வடகடல் நாடுகளில் விழா நாட்களில் வைக்கிங் காலத்து உடுப்பைப் போட்டுக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இடுப்பில் கட்டிய தோல் வாரின் நுனி, தேவைக்கு மேல் நீண்டு முழங்கால்வரை தொங்கும். பார்க்கும்போதெல்லாம் அந்தப் பாதிப் பேச்சு காதில் விழும். அந்த நுனி ஏன் தொங்குகிறது என்பதற்கு ஒரு கதை உண்டு.

அந்தக் காலத்தில், விலங்குகள் மனிதரோடு வாய்விட்டுப் பேசிய காலத்தில், வடக்கே ஒருவருக்கும் இடுப்புவார் கிடையாது. ஆட்டு உரோமத்தில் அகலமான அங்கி நெய்து போட்டுக்கொள்வார்கள். முன்பக்கம் திறந்திருக்கும். காற்று புகாமல் இடக்கையால் அதை வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். பிறந்ததிலிருந்து சாகும்வரை இடக்கைக்கு அது ஒன்றுதான் வேலை. ஆட்டைப் பிடிக்க ஒருவர், பால் கறக்க ஒருவர். படகில் இரண்டு பேர் உட்கார்ந்து ஆளுக்கொரு துடுப்புப் போடுவார்கள். சண்டை வந்தாலும் ஒற்றைக் கைச் சண்டைதான். இரண்டு கையையும் ஓங்கியவன் மானம் போய்த் தோற்பான்.

ஒரு சின்னத் தீவில் ஹால்வாரும் அவன் மனைவி தோர்டிஸும் இருந்தார்கள். நடுக் குளிர்காலத்தில் அவர்களுக்குப் பெண் குழந்தை பிறந்தது. மறுநாள் காலை, கூரையின் புகைத்துளை வழியாகப் பனிக்கட்டி பொத்தென்று அடுப்பில் விழுந்து நெருப்பை அணைத்துவிட்டது. அக்கரையில் இரும்பு அடிக்கும் குன்வோர் வீட்டில்தான் இனி நெருப்பு.

"பிள்ளைக்கு உதடு நீலம் பாரிக்கிறது, பார்," என்றாள் தோர்டிஸ். "நானும் வருகிறேன். இரண்டு துடுப்புக்கு இரண்டு ஆள் வேண்டுமே."

"உன்னால் எழுந்து நிற்கவே முடியவில்லை. அவளை மார்போடு வைத்துக்கொள். எப்படியாவது போய்வருகிறேன்."

போனான். ஒரு துடுப்பைப் போட்டால் படகு சுற்றியது. இரண்டையும் பிடித்தால் அங்கி பறந்தது. பனிக்காற்று நெஞ்சுக்குள் கத்தியாக இறங்கியது. விரல் விறைத்தது. மறுபடி அங்கியைப் பிடித்தான். படகு மறுபடி சுற்றியது.

பக்கத்தில் மிதந்த பனிப்பாறையில் பனிக்கடல் யானை ஒன்று, இரண்டு நீளத் தந்தமும் முள்முள்ளாக மீசையுமாக, தன் குட்டியோடு படுத்திருந்தது.

"என்னப்பா, உன் படகுக்குத் தலைசுற்றலா?" என்று அது சிரித்தது. "விடிந்ததிலிருந்து ஒரே இடத்தில் வட்டம் போடுகிறதே!"

"சிரிக்காதே பெரியம்மா. வீட்டில் நெருப்பு அணைந்துவிட்டது. நேற்றுப் பிறந்த குழந்தை."

கடல் யானை சிரிப்பை நிறுத்தியது. "தாய்க்குப் பால் இருக்கிறதா?"

"உடம்பு சில்லிட்டுப் போனால் அதுவும் நின்றுவிடும்."

அந்த நாளில் கடல் யானைகளுக்கு வடக்கயிறு போல நீண்ட வால் இருந்தது. அதன் நுனியைக் கவ்விக்கொண்டுதான் குட்டிகள் தாயின் பின்னால் நீந்தும். கடல் யானைக் கூட்டத்திலேயே நீளமான வால் இவளுடையது. அதை விரித்துக் காட்டாமல் அவள் படுத்ததே இல்லை.

"கத்தி இருக்கிறதா?"

"படகில் கிடக்கிறது."

"என் வாலை வெட்டி இடுப்பில் கட்டிக்கொள்."

ஹால்வார் திகைத்தான். "குட்டி எதைப் பிடித்துக்கொண்டு நீந்தும்?"

"முதுகு எதற்கு இருக்கிறது? ஏறிக்கொள்ளட்டும். நீ இப்படிப் பேசிக்கொண்டே நின்றால் உன் பிள்ளைதான் பேச்சுமூச்சில்லாமல் போகும்."

"இதற்கு நான் என்ன தர?"

"எனக்கு வேண்டியதெல்லாம் கடலில் இருக்கிறது. குளிரும் தெரியாது, அவ்வளவு கொழுப்பு. வெட்டு."

வெட்டினான். அவள் ஒரே ஒரு முறை அலறினாள்; பாறையில் விரிசல் ஓடியது. பிறகு காயத்தை உப்புத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு, "போ, போ" என்றாள்.

அங்கியின் மேல் அந்த வாலை வாராகச் சுற்றி முடிச்சுப் போட்டான். அங்கி நின்றது. இடக்கைக்குத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை. புகுந்த வீட்டுக்கு வந்த புதுப்பெண் மாதிரி கூசிக்கொண்டு தொங்கியது. பிறகு அதுவும் ஒரு துடுப்பைப் பிடித்தது. படகு நேராகப் பாய்ந்தது.

கரையில் நின்ற குன்வோர், "ஐயையோ, அங்கியை விட்டுவிட்டாயே!" என்று கத்தினாள். கிட்டே வந்ததும், "அட, நிற்கிறதே!" என்று சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். சட்டியில் கனல் அள்ளிக் கொடுத்தாள். சின்னத் தோல்பையில் இரும்புத் துண்டும் சிக்கிமுக்கிக் கல்லும் போட்டு அவன் வாரில் கட்டித் தொங்கவிட்டாள். "இதைத் தட்டினால் பொறி வரும். இனி நெருப்புக்காகக் கடல் தாண்டாதே, தம்பி."

உச்சிவேளைக்குள் தீவில் அடுப்பு எரிந்தது. குழந்தையின் உதடு சிவந்தது. அது வீறிட்டு அழுதபோது பெற்றவர்கள் இருவரும் சிரித்தார்கள்.

மறுநாள் தோர்டிஸ் அவன் இடுப்பைப் பார்த்தாள். அந்த ஊரில் விரற்கடைத் தோலைக்கூட யாரும் வீணாக்கமாட்டார்கள். தேய்ந்த செருப்பும் கதவுக்குக் கீலாகும். "இவ்வளவு மிச்சம் எதற்கு? முழங்காலில் இடிக்கிறது. வெட்டிக் கொடு, தொட்டிலுக்கு ஆகும்."

நியாயம்தான் என்று அவன் கத்தியை எடுத்தான். அப்போது கரைக்குக் கீழே ஒரு சத்தம். கடல் யானை தண்ணீரில் இறங்கியிருந்தாள். பின்னால் வந்த குட்டி பழக்கத்தில் வாயைத் திறந்து கவ்வியது. வெறும் தண்ணீர். புரையேறி, முங்கி, இருமிக்கொண்டே மேலே வந்தது. தாய் திரும்பி, கீழே அமிழ்ந்து, குட்டியை முதுகில் ஏந்தி எழுந்தாள். குட்டி அவள் கழுத்தோரம் ஏதோ புகார் சொல்லிக்கொண்டே போயிற்று.

ஹால்வார் கத்தியை வைத்துவிட்டான். தோர்டிஸும் கடலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தன் கழுத்துப் பதக்கத்திலிருந்து வெண்கலம் கொஞ்சம் எடுத்துத் தட்டி, வாரின் நுனி பிரியாமல் பூண் போட்டாள்.

பார்த்தவர்கள் மாட்டுத் தோலில் அதேபோல நுனி தொங்கும் வார் செய்துகொண்டார்கள். கத்தி, சீப்பு, சாவி எல்லாம் அதில் தொங்கத் தொடங்கின. கடல் யானைக்கு வால் இல்லாததும், அதன் குட்டி தாயின் முதுகேறிப் போவதும், வடக்கத்தியார் இடுப்புவாரின் பூண் போட்ட நுனி முழங்காலில் வந்து இடிப்பதும் அந்தக் காலையிலிருந்துதான். ஹால்வார் அதை வெட்டவில்லை.