மூன்றாம் பக்கத்தில் ஒரு பெயர்

கணினிக்குள் அத்துமீறுவோர் இருட்டறையில், தலையை மூடிய கறுப்புச் சட்டையோடு உட்கார்ந்திருப்பார்கள் என்று பலரும் நம்புகிறார்கள். இந்தப் பிழையைத் திருத்துவதை இனியும் தள்ளிப்போட முடியாது.

"எங்கள் கணினிக்குள் புகுந்து பாருங்கள், ஓட்டை எங்கே என்று சொல்லுங்கள்" என்று நிறுவனங்களே கூலி கொடுத்துக் கேட்பதுண்டு. அப்படிப் புகுகிறவர்கள் கோயம்புத்தூர் காந்திபுரத்தில், ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில், டியூப்லைட் வெளிச்சத்தில் இருக்கிறார்கள். நாளில் முக்கால்வாசி நேரம் ரிப்போர்ட் எழுதுகிறார்கள். மே மாதத்தில் அந்தக் கறுப்புச் சட்டையை அங்கே பத்து நிமிடம் போட்டிருக்க முடியாது.

சூசைராஜின் குறை அந்த முக்கால்வாசி நேரம்தான்.

"ஏழு மாசமா எழுதிட்டேதான் இருக்கேன், மேடம். என்னை எப்பத்தான் உள்ளே புக விடுவீங்க?"

அவருக்கு நாற்பத்தாறு வயது. மில்லில் பதினெட்டு வருடம் கணினி பார்த்த வேலையை விட்டுவிட்டு, இந்தத் தொழில் கற்க வந்தவர். மேடம் கோகிலவாணிக்கு இருபத்தொன்பது.

"இன்னிக்கே புகுங்ணா" என்று ஒரு பம்பு கம்பெனியின் அனுமதிக் கடிதத்தை நீட்டினார் கோகிலவாணி.

'உங்கள் பார்சல் திரும்பப் போகிறது' என்று ஒரு பொய் மெயிலைத் தயாரித்து, கம்பெனியில் நாற்பது பேருக்கு அனுப்பினார் சூசைராஜ். ஒருவர் மட்டும் நம்பிப் பாஸ்வேர்டைக் கொடுத்தார். டீ வருவதற்குள் பம்பு வரைபடங்கள் அத்தனையும் திறந்துவிட்டன.

"மாட்டிக்கிச்சு மேடம்!"

"சந்தோஷம். ரிப்போர்ட் எழுதுங்க."

எழுதினார். மூன்றாம் பக்கத்தில், கொட்டை எழுத்தில்: 'ஸ்டோர்ஸ் பிரிவு வசந்தாமணியின் கவனக்குறைவே காரணம்.'

கம்பெனி எம்.டி. போனில் வந்தார். ஸ்பீக்கர் போடாமலே மாடி முழுக்கக் கேட்டது.

"பூந்துட்டீங்களாமா? யாரு விட்டதுன்னு பேரை மட்டும் சொல்லுங்க. சாயங்காலமே சீட்டைக் கிழிச்சர்றேன்."

"அஞ்சு மணிக்கு ரிப்போர்ட் வந்துருமுங்க" என்று வைத்தார் கோகிலவாணி.

"நல்லவேளை, பேரைத் தெளிவாப் போட்டிருக்கேன்" என்றார் சூசைராஜ்.

கோகிலவாணி மூன்றாம் பக்கத்தைப் படித்தார். எழுந்துபோய் வெள்ளைப் பலகையில் எழுதினார்.

'ஜெபமாலை2009'

சூசைராஜின் மகள் பெயர். பக்கத்தில் அவள் பிறந்த வருடம்.

"இது… மில்லுல என்னோட பாஸ்வேர்டு."

"ஆமாங்ணா."

"உங்களுக்கு எப்படி?"

"ஆறு வருசம் முன்னாடி உங்க மில்லைச் சோதிச்சது நான்தான். 'தீபாவளி போனஸ் பட்டியல்'னு ஒரு மெயில் வந்துச்சே?"

வந்தது. பட்டியல் மட்டும் திறக்கவே இல்லை. நெட்காரனை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே பாஸ்வேர்டைத் திரும்பத் திரும்ப அடித்தது சூசைராஜுக்கு நினைவிருந்தது.

"மூணு தடவை கொடுத்தீங்க" என்றார் கோகிலவாணி.

"முதலாளி கேக்கலையா, யாருன்னு?"

"நாலு தடவை கேட்டாரு."

"என்ன சொன்னீங்க?"

"ரிப்போர்ட்ல இருக்கறதுதாங்க சார்னு சொன்னேன்."

அந்த ரிப்போர்ட்டை மில்லில் முழுக்கப் படித்த ஒரே ஆள் சூசைராஜ். அதைப் படித்துத்தான் இந்தத் தொழில்மேல் ஆசையே வந்தது. 'ஒரு பயனர் கணக்கின் வழியாக' என்றுதான் அதில் இருந்தது. எந்த மடையனோ என்று கேன்டீனில் சொல்லிச் சிரித்திருக்கிறார்.

அந்த வருடம்தான் அவர் மனைவிக்கு ஆபரேஷன் நடந்தது. மில்லின் இன்சூரன்சில்.

சூசைராஜ் எழுந்தார். கை தானாகக் குவிந்தது.

குவிந்த கைக்குள் டஸ்டரை வைத்தார் கோகிலவாணி.

சூசைராஜ் பலகையைத் துடைத்தார். இரண்டு முறை துடைத்தார்.

மணி மூன்றரை. மூன்றாம் பக்கத்திலிருந்து பெயரை எடுத்ததும் அந்த வாக்கியம் நிற்கவில்லை. அதையும் எடுத்தார். வெற்றிடத்தையே வெகுநேரம் பார்த்தார்.

பிறகு எழுதினார். ஸ்டோர்ஸ் கணக்கில் வரைபடங்கள் ஏன் திறந்தன என்று. பாஸ்வேர்டுக்குப் பிறகு இன்னொரு பூட்டு ஏன் இல்லை என்று. மெயிலில் சந்தேகம் வந்தால் அந்த நாற்பது பேர் யாரிடம் போய்க் கேட்பார்கள் என்று. மூன்று பக்கம் கூடியது. கடைசியில், ஊழியர்கள் கேட்பதற்கென்று தன் மேஜை போன் நம்பரைப் போட்டார்.

ஐந்தேகாலுக்கு எம்.டி. மறுபடி கூப்பிட்டார். சூசைராஜ் எடுத்தார்.

"பேரு எங்கய்யா?"

"ரிப்போர்ட்ல இருக்கறதுதாங்க சார்."

அடுத்த வியாழக்கிழமை அவர் மேஜை போன் அடித்தது.

"பம்பு கம்பெனி ஸ்டோர்ஸ்லருந்து வசந்தாமணி பேசறனுங்க. நோட்டீஸ் போர்டுல உங்க நம்பர் ஒட்டியிருந்துச்சு. பேங்குலருந்துன்னு ஒரு மெயில் வந்திருக்குதுங்க. நான் இன்னும் தொடலை."