ஆத்துக் கலர் சட்டை

திருப்பூர்ப் பக்கம் ஒரு சாயப்பட்டறையில், பூமியைக் காப்பாற்ற ஒரு புண்ணியவான் ஏசி காரில் வந்து இறங்கினார். பெயர் கிரிதரன்; வெளிநாட்டுச் சட்டைக் கம்பெனியின் ஏஜென்ட். காரை அணைக்கவில்லை. திரும்பி ஏறும்போது உள்ளே புழுங்கக் கூடாதில்லையா.

“இந்தத் தடவை நெஞ்சுல ‘ஆறுகளைக் காப்போம்’னு அச்சடிச்ச சட்டை வேணும். புதுசா ஒரு சொட்டுத் தண்ணி செலவாகக் கூடாது, புதுச் சாயமும் கூடாது. விலை போன தடவையைவிடக் குறையணும். சாயங்காலத்துக்குள்ள சாம்பிள் வரலைன்னா ஆர்டர் வேற நாட்டுக்குப் போயிடும்” என்றார்.

முதலாளி தலையாட்டினார். ஆர்டர் என்று காதில் விழுந்தாலே அவர் தலை தானாக ஆடும்.

ஈரத்துணி சுமக்கும் பாவாத்தாள், “நான் கொண்டாறனுங்க” என்று ஒரு வெள்ளைத் துணியோடு பின்வாசல் வழியாகப் போனாள். திரும்பி வந்தபோது துணி அருமையான கத்திரிப்பூ நிறத்தில் இருந்தது.

கிரிதரன் அசந்துபோனார். “போன வருஷம் நாங்க வாங்கின சட்டையோட அதே கலர். எப்படி?”

“ஆத்துல முக்கினனுங்க. போன தடவை நீங்க வெலையைக் கொறைச்சீங்க, மொதலாளி கழிவுத்தண்ணியைச் சுத்தம் பண்ற மிசினை நிறுத்திட்டாருங்க. அப்பலிருந்து உங்க கலருதானுங்க ஆத்துல ஓடுது.”

முதலாளியின் தலை ஆடாமல் நின்றது. கிரிதரன் துணியைக் கைக்குட்டையால் தேய்த்தார். எப்படியாவது ஒரு குறை சொல்லியாக வேண்டுமே.

“இது சாயம் போகுமா?”

“எங்க ஆத்தை உட்டே போகலீங்க. துணியை உட்டா போயிரும்?”