மரக்காலில் அளந்த அமைதி

முன்னொரு காலத்தில், பெயரைச் சொன்னால் இரண்டு நாட்டார் உரிமை கோரி வழக்குக்கு வரக்கூடும் என்பதால் பெயர் சொல்லப்படாத ஒரு நாட்டை வசந்தவீரன் என்னும் அரசர் ஆண்டுவந்தார். நல்லவர், எதையும் தெளிவாகத் தெரிந்துகொள்ள விரும்புபவர். அவ்வாறு விரும்புபவர்களுக்கு உரிய துன்பங்கள் யாவும் அவருக்கு இருந்தன.

நாட்டின் வடக்கே ஓர் ஆறு. ஆற்றுக்கு அப்பாலுள்ள பகுதிக்கு வடகரை என்று பெயர். அங்கே மூன்றாண்டுகள் போர் நடந்து, எதிரி பின்வாங்கி ஓராண்டு ஆகியிருந்தது. போரின்போது ஓடிவந்த நாலாயிரம் பேர் தலைநகரின் யானைக்கொட்டில்களில் தங்கியிருந்தார்கள். கொட்டில் இழந்த யானைகள் அரண்மனைத் தோட்டத்தில் நின்றன. அவை வாழைத்தோப்பைத் தின்றன. அரசியாரின் மல்லிகைப் பந்தலைத் தின்றன. பின்னர், பந்தற்காலையும் தின்றன. ஒருநாள் காலை பட்டத்து யானை பள்ளியறைச் சாளரத்தின் வழியே துதிக்கையை நீட்டி, அரசரின் தலைக்கடியிலிருந்த தலையணையை உருவிக்கொண்டு போயிற்று.

அன்று அவை கூடியதும் அரசர் கேட்டார்: "வரும் பௌர்ணமியன்று வடகரை மக்களை அவர்கள் ஊருக்கு அனுப்பிவிடலாமா? அங்கே பாதுகாப்பு எவ்வளவு இருக்கிறது? இடிந்ததில் எவ்வளவு எழும்பியிருக்கிறது? எனக்கு ஓர் அளவு வேண்டும்."

படைத்தலைவர் காடவராயர் முதலில் எழுந்தார். "அரசே! சென்ற மாதம் வடகரையில் கொள்ளையர் தாக்கிய ஊர்கள் பன்னிரண்டு. இந்த மாதம் மூன்றே மூன்று. பாதுகாப்பு நான்கு மடங்கு உயர்ந்துவிட்டது."

அரசர் மகிழ்ந்தார். அவையின் ஓரத்தில் அமர்ந்திருந்த விகடன் விடங்கன் மெல்லக் கையை உயர்த்தினான்.

"படைத்தலைவரே, சென்ற மாதம் பன்னிரண்டு ஊர் போக மீதி எத்தனை ஊர் இருந்தன?"

காடவராயர் சற்று யோசித்தார். "மூன்று" என்றார்.

அரசரின் மகிழ்ச்சி எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நடுவழியில் நின்றது.

அடுத்துப் புனரமைப்பு அமைச்சர் அனந்தநம்பி எழுந்தார். விடங்கனைக் கண்டால் அவருக்குப் பிடிக்காது. தம் அறிக்கைகளைக் கேட்டு அரசர் கொட்டாவி விடுவதும், விடங்கன் தும்மினால்கூடச் சிரிப்பதும் அவர் நெஞ்சில் நெடுநாளாகப் புகைந்துகொண்டிருந்தன.

"அரசே! ஓராண்டில் அடியேன் வடகரை ஆற்றில் ஏழு பாலங்கள் கட்டியிருக்கிறேன்."

"ஏழா! சபாஷ். எந்தெந்த இடங்களில்?"

"சங்குத்துறையில், அரசே."

"மற்ற ஆறு?"

"அவையும் சங்குத்துறையில்தான்."

அரசர் தம் விரல்களைப் பார்த்தார். "ஒரே துறையில் ஏழு பாலமா? அடுத்தடுத்தா?"

"ஒன்றன்பின் ஒன்றாக, அரசே. முன்னதைக் கொள்ளையர் எரித்த பிறகு பின்னது."

"ஆகவே இப்போது அங்கே இருப்பது..."

"எட்டாவதற்கு மரம் அறுத்துக்கொண்டிருக்கிறோம்" என்றார் அமைச்சர். அவர் குரலில் குற்றவுணர்வு சிறிதும் இல்லை. கட்டியவை ஏழு என்பது உண்மை. உண்மையைச் சொல்பவர் ஏன் கூசவேண்டும்?

அரசருக்குத் தலை சுற்றியது. கேட்ட ஒவ்வொன்றும் உண்மையாக இருந்தது. எல்லாவற்றையும் சேர்த்தால் ஒன்றும் விளங்கவில்லை. அவையைக் கலைத்துவிட்டு நேரே யானைக்கொட்டிலுக்கு நடந்தார். அங்கே செம்பாயி என்னும் பெண் மூன்று கற்களைக் கூட்டிக் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தாள். அரசரைக் கண்டதும் அகப்பையோடு எழுந்து நின்றாள்.

"அம்மா, உங்கள் ஊருக்குப் போக உனக்கு விருப்பமா?"

"போகாம என்ன சாமி? ஆனைச் சாணி வாசத்துல எத்தன நாளுக்குக் கெடக்குறது?"

"அப்படியானால் பௌர்ணமிக்குப் போகலாமே?"

"இந்தப் பௌர்ணமிக்கா? சாமி, போன தடவ சரியாயிருச்சுன்னு சொல்லித்தான் என் அண்ணன் குடும்பத்த அனுப்பி வச்சாங்க. ஏழு பேரு போனாங்க. ரெண்டு பேரு திரும்பி வந்தாங்க."

"சரியாகிவிட்டது என்று சொன்னது யார்?"

"அரமனையிலதான் சொன்னாங்க" என்றாள் செம்பாயி. அவள் குற்றம் சாட்டவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள்.

அரசர் திரும்பி நடக்கும்போது அவருடைய குழப்பத்துக்கு எடை கூடியிருந்தது. வழியில் நெற்களஞ்சியம். வாயிலில் ஒருவன் நெல் அளந்து கொட்டிக்கொண்டிருந்தான். அரசர் நின்று பார்த்தார். ஒரு மரக்கால் என்றால் ஒரு மரக்கால். அதில் வாதமில்லை, விளக்கமில்லை, எட்டாவது மரக்காலுக்கு மரம் அறுக்கும் வேலையும் இல்லை. அவனிடமிருந்து மரக்காலை வாங்கிக்கொண்டு மறுநாள் அவைக்கு வந்தார்.

"நெல்லை இதில் அளக்கிறோம். எள்ளை இதில் அளக்கிறோம். வடகரையின் அமைதியை மட்டும் ஏன் வாயால் அளக்கவேண்டும்? யாராவது வடகரைக்குப் போய், அங்கே இருக்கும் அமைதியை இந்த மரக்காலில் விளிம்பு நிறைய அளந்து கொண்டுவாருங்கள். கண்ணால் பார்த்து முடிவு செய்கிறேன்."

அவையினர் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அனந்தநம்பிக்கு இத்தகைய வாய்ப்பு பத்தாண்டில் ஒருமுறைதான் வாய்க்கும்.

"அரசே! இதற்கு விடங்கனைவிடத் தகுதியானவர் இல்லை. எங்கள் அளவுகளில் குறை கண்டவர் அவர்தானே? விளிம்புக்கு ஒரு விரற்கடை குறைந்தாலும் அவரைப் பௌர்ணமியன்று அந்த மக்களோடு வடகரைக்கே அனுப்பிவிடுங்கள். அதுவே தக்க தண்டனை."

"தண்டனையா?" என்றான் விடங்கன். "நான்கு மடங்கு பாதுகாப்பும் ஏழு பாலமும் உள்ள ஊருக்கு அனுப்புவது எப்படி ஐயா தண்டனையாகும்?"

அரசர் நிமிர்ந்தார். "ஆமாம், எப்படி ஆகும்?"

அனந்தநம்பி ஒரு கணமே தடுமாறினார். "அங்கே வேலை மும்முரம், அரசே. விகடத்தைக் கேட்டுச் சிரிக்க ஒருவருக்கும் நேரம் இராது. விகடனுக்கு அதைவிடப் பெரிய தண்டனை உண்டா?"

அரசருக்கு இது சரியாகவும் பட்டது, சரியல்லாததாகவும் பட்டது. பிரித்தறிய முடியாமல், "இருபது நாள் தவணை" என்று சொல்லி மரக்காலை விடங்கனிடம் நீட்டினார்.

இருபதாம் நாள் விடங்கன் வந்தான். காலில் புழுதி, உதட்டில் வெடிப்பு. மரக்காலைச் சுமந்துவந்து அரியணையின் முன் வைத்தான். அரசர் ஆவலோடு குனிந்து பார்த்தார். உள்ளே கயிறுகள் கிடந்தன: தென்னை நாரில் திரித்தவை, கற்றாழை நாரில் முறுக்கியவை, புடவையைக் கிழித்துப் பின்னியவை. எல்லாம் சேர்ந்தும் மரக்காலில் கால்பங்குதான் இருந்தன.

"குறைகிறது!" என்றார் அனந்தநம்பி. அளக்காமலே தெரிந்த முதல் அளவு அவருக்கு அதுதான்.

"குறைகிறது" என்று விடங்கனும் ஒப்புக்கொண்டான். "அரசே, தாங்கள் இரண்டு கட்டளை இட்டீர்கள். அங்கே இருக்கும் அமைதியைக் கொண்டுவா என்பது ஒன்று. விளிம்பு நிறையக் கொண்டுவா என்பது மற்றொன்று. இரண்டையும் ஒருங்கே நிறைவேற்ற வடகரை இடங்கொடுக்கவில்லை. ஆகவே முன்னதை நிறைவேற்றினேன்."

"அது கிடக்கட்டும். நான் அமைதியைக் கேட்டேன். நீ கயிற்றைக் கொண்டுவந்திருக்கிறாய். இது எப்படியடா அமைதி?"

"சொல்கிறேன், அரசே. துணிந்து ஊர் திரும்பி, கூரை போட்டுக் குடியிருக்கும் வீடுகள் வடகரையில் இருநூறு. அந்த இருநூறு வீட்டிலும் வாசற்படிக்குள்ளே வலப்பக்கம் ஒரு மூட்டை இருக்கிறது. இரண்டு சட்டி, ஒரு விளக்கு, விதைநெல், பிள்ளைகளின் துணி. குதிரைக் குளம்படி கேட்டால் அதைத் தூக்கிக்கொண்டு ஓடவேண்டும். ஒவ்வொரு வீட்டிலும் போய் நின்றேன். 'தாயே, மூட்டையை அவிழ்த்துவிட்டு அந்தக் கயிற்றை எனக்குக் கொடுங்கள்' என்று கேட்டேன். ஓடவேண்டியதில்லை என்று எந்த வீட்டுக்குத் தோன்றியதோ அந்த வீட்டின் கயிறு இதில் இருக்கிறது. நாற்பத்தொன்றரை."

"அரையா?"

"ஒரு வீட்டில் அப்படி. 'சட்டி பானைய எறக்கி வச்சுட்டேன் அய்யா, புள்ளைக துணிய மட்டும் இன்னும் எறக்க மனசு வரல' என்றாள் அந்த அம்மாள். அரிவாள்மணையில் கயிற்றை இரண்டாக அறுத்துப் பாதியைக் கொடுத்தாள்."

அரசர் அந்தப் பாதிக் கயிற்றை எடுத்துப் பார்த்தார். அறுத்த முனை இன்னும் பிரியாமல் இருந்தது.

"நாற்பத்திரண்டரை ஆகியிருக்கும்" என்று விடங்கன் தொடர்ந்தான். "ஒருவர் கொடுத்துவிட்டுப் பின்னாலேயே ஓடிவந்தார். 'குடுங்க குடுங்க, குதிர வருது!' என்று பிடுங்கிக்கொண்டு போனார்."

"கொள்ளையரா?"

"இல்லை, அரசே. நம் படைத்தலைவரின் ரோந்துக் குதிரைகள்."

காடவராயர் தம் மீசையைக் கவனிக்கத் தொடங்கினார்.

அனந்தநம்பிக்குப் பொறுக்கவில்லை. "அரசே, இது அளவையன்று; வேடிக்கை! நாட்டு நிலவரம் அறியாத பாமரர் எதற்கோ பயந்து எதையோ கட்டி வைத்திருக்கிறார்கள். அதை வைத்து அரசகாரியம் முடிவுசெய்வதா? உண்மை நிலையை அறிந்த எவரும் மூட்டை கட்டி வைத்திருக்க மாட்டார். அப்படி வைத்திருப்பவர் ஒன்று அறிவிலி, இல்லையேல் கோழை. தாங்கள் முதலில் எண்ணியபடி பௌர்ணமிக்கு அனைவரையும் அனுப்பலாம்."

அரசரின் முகம் மெல்லச் சிவந்தது.

ஏனெனில், அந்தப்புரத்தில் அரசியாரின் துணிப்பேழைக்குப் பின்னால் பட்டுத்துணியில் சுற்றிய ஒரு பொட்டணம் இருந்தது. உள்ளே குலமுடி, முத்திரை மோதிரம், அரசியாரின் தாய்வீட்டு அட்டிகை. எதிரி ஆற்றங்கரைக்கு வந்தபோது அரசரே தம் கையால் கட்டியது. தெற்கு வாயிலை ஒட்டிய கால்வாயில் அதற்காக ஒரு படகும் ஆண்டு முழுவதும் நின்றது. கணவன் மனைவி இருவரைத் தவிர வேறு எவருக்கும் தெரியாது. அரசர் அதை ஒருபோதும் அச்சம் என்று எண்ணியதில்லை. முன்னேற்பாடு என்றே எண்ணியிருந்தார். இப்போது இரண்டுக்கும் நடுவே எங்கே கோடு கிழிப்பது என்று தேடிப் பார்த்தார். அகப்படவில்லை.

"அமைச்சரே, மூட்டை கட்டி வைத்திருப்பவர் அறிவிலியா, கோழையா? தெளிவாகச் சொல்லும்."

"இரண்டுமே, அரசே!" என்றார் அனந்தநம்பி, உற்சாகமாக.

விடங்கன் பணிந்தான். "மரக்கால் நிறையவில்லை என்பது மெய். வடகரை வீடுகளில் கேட்டாயிற்று. தலைநகர் வீடுகளில் இன்னும் கேட்கவில்லை. அமைதியின் மேல் நம்பிக்கை உள்ள பெரியோர்கள் இங்கே இருக்கிறார்கள். ஆளுக்கொரு கயிறு தந்தால்..."

"யார் உனக்குச் சொன்னது?" என்று அரசர் எழுந்துவிட்டார்.

"எதை, அரசே?"

அவை முழுவதும் அவரையே பார்த்தது. விடங்கனின் முகத்தில் சூழ்ச்சி ஏதும் இல்லை. அவனுக்கும் அரசர் ஏன் எழுந்தார் என்பது விளங்கவில்லை போலிருந்தது. விளங்கத் தொடங்கியபோது அவன் பார்வையைத் தரைக்குத் தாழ்த்திக்கொண்டான்.

அரசர் பணிப்பெண்ணை அழைத்தார். தயங்கித் தயங்கி, ஆனால் அவை முழுவதும் கேட்கும்படி, "அரசியாரிடம் சென்று, பேழைக்குப் பின்னாலிருக்கும் பொட்டணத்தை அவிழ்த்துக் கயிற்றை மட்டும் அனுப்பச் சொன்னதாகச் சொல்" என்றார்.

அனந்தநம்பியின் முகத்தில் இரத்தம் வற்றியது. அறிவிலி என்றும் கோழை என்றும் யாரைச் சொன்னோம் என்பதை அவர் ஒருமுறைக்கு இருமுறை கணக்கிட்டார். விடை மாறவில்லை.

பணிப்பெண் திரும்பி வந்தாள். கையில் கயிறு இல்லை.

"என்ன சொன்னார்கள்?"

"மகாராஜா... 'ஏன், வடகரையில் எல்லாம் சரியாகிவிட்டதாமா? நன்றாக விசாரித்துவிட்டு வரச் சொல், பிறகு அவிழ்க்கிறேன்' என்று சொன்னார்கள்."

அரசர் சிரித்தார். அரியணையில் சாய்ந்து சிரித்தார்; மகுடம் ஒரு பக்கம் சரிய, அதைப் பிடிக்க மறந்து சிரித்தார். காடவராயருக்குச் சிரிக்கலாமா என்று தெரியவில்லை, பாதி சிரித்துவைத்தார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அரசர் சொன்னார்: "அளவு சரிதான். கால் மரக்கால். மக்கள் கொட்டிலிலேயே இருக்கட்டும். ஒருவரையும் அனுப்பவேண்டாம், போகிறேன் என்பவரைத் தடுக்கவும் வேண்டாம். படைத்தலைவரே, உமது குதிரைகள் ஊர் எல்லையில் நிற்கட்டும். வீரர்கள் இறங்கி நடந்து போகட்டும். அனந்தநம்பி, எட்டாவது பாலத்தைக் கட்டியதும் அதன் வடக்கு முனையில் குடிசை போட்டு நீர் குடியிரும். ஒரு மழைக்காலம் பாலம் நின்றால் திரும்பி வரலாம்."

"அரசே, அது தண்டனையா?" என்று அமைச்சர் நடுக்கத்தோடு கேட்டார்.

"எனக்கும் தெரியவில்லை" என்றார் அரசர். "போய்ப் பார்த்து எழுதும்."

பின்னர், தம் கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி விடங்கனுக்குச் சூட்டி, குடிக்க மோர் கொடுத்து, வெடித்த உதட்டுக்கு வெண்ணெயும் கொடுத்து அனுப்பினார். வடகரையில் எத்தனை பங்கு அமைதி, எத்தனை பங்கு ஆக்கம் என்பது அரசருக்கு அன்றும் தெளியவில்லை. யாரைக் கேட்கவேண்டும் என்பது மட்டும் தெரிந்திருந்தது. அதனால் அன்று மாலை மீண்டும் கொட்டில் பக்கம் நடந்தார். செம்பாயி கஞ்சியை இறக்கிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, இந்தப் பௌர்ணமிக்கு நீங்கள் யாரும் போகவேண்டாம்."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "நெசமாத்தானா சாமி? இல்ல, இதுவும் அரமனையில சொன்னாங்களா?"

அரசர் மறுபடியும் சிரித்தார். இம்முறை அவளும் சிரித்தாள்.