மரையில் தடவியது

"டீச்சர், வீல் பேரிங் மாத்தும்போது போல்ட் மரையில பசை தடவணுமா, கிரீஸ் தடவணுமா?"

வந்ததும் வராததுமாகத் தவசிமணி கேட்டது இதைத்தான். வயது ஐம்பத்து நாலு. தூத்துக்குடியில் இருபத்தாறு வருஷமாகக் கார் மெக்கானிக். அந்த ஆள் கேட்கிற கேள்வியா இது?

கேட்டது ஜெபக்கனியிடம். அவரைவிடப் பதினைந்து வயது இளையவள். பாலிடெக்னிக்கில் ஆறு வருஷம் பாடம் நடத்திவிட்டு, கரும்பலகையில் வண்டி ஓடாது என்று சொல்லி வெளியே வந்து சொந்தமாக ஷெட் போட்டவள். ஊர் மெக்கானிக்குகளுக்குச் சந்தேகம் என்றால் அவளிடம்தான் போவார்கள். கேட்டதற்கு நேராகப் பதில் சொல்ல மாட்டாள், அது ஒன்றுதான் அவளிடம் தொல்லை.

"எந்த வண்டிக்கு அண்ணாச்சி?"

"பொதுவாத்தான் கேக்கேன்."

"பொதுவான்னு ஒரு வண்டி ரோட்டுல ஓடலியே."

தவசிமணி சட்டைப் பையைத் தடவிக்கொண்டார். அவளும் விட்டுவிட்டு, கையிலிருந்த பிரேக் டிரம்மைத் துடைக்க ஆரம்பித்தாள்.

விஷயம் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். பசை போட்ட போல்ட் தானாக இளகாது. கிரீஸ் போட்ட போல்ட் துருவேறி இறுகாது.

தூத்துக்குடி உப்புக் காற்றுக்கு இரும்பு என்றால் அல்வா. நாலு வருஷம் காற்றடித்த போல்ட்டைக் கழற்ற வேண்டுமானால் கேஸ் வைத்துச் சூடேற்றி, சுத்தியலால் சாத்தி, அதை மாட்டினவனின் அப்பன் ஆத்தாளை எல்லாம் இழுத்துத் திட்டிய பிறகுதான் அது அசையும். அந்தத் திட்டு தன் காதுக்கு வரக் கூடாது என்பது தவசிமணியின் வைராக்கியம். கையில் அகப்பட்ட போல்ட்டுக்கெல்லாம் செம்பு கிரீஸை அப்புவார், அப்படி அப்புவார்.

"தவசி அண்ணாச்சி கைபட்ட வண்டியா, வெண்ணெய் மாதிரிக் கழலும்" என்பார்கள் மற்ற மெக்கானிக்குகள். அதைக் கேட்கிற அன்றைக்கு மனுஷனுக்கு உச்சி குளிர்ந்துவிடும். வீட்டுக்குப் போய் இரண்டு வாய் கூடுதலாகச் சாப்பிடுவார்.

டிரம்மைத் துடைத்து முடித்துவிட்டாள் ஜெபக்கனி. தவசிமணி நின்ற இடத்திலேயே நின்றார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு போல்ட்டை எடுத்து அவள் முன்னால் வைத்தார்.

"பால்துரை வண்டியில இருந்தது" என்றார்.

பால்துரை டாக்சி ஓட்டியவன். ஒன்பது நாளைக்கு முன்பு எட்டயபுரம் ரோட்டில் அவன் காரின் இடது முன்சக்கரம் கழன்று ஓடியது. கார் பாலத்துச் சுவரில் மோதி, அவன் அங்கேயே போய்ச் சேர்ந்தான். போலீஸில் அதிவேகம் என்று எழுதிக் கேஸை முடித்தார்கள். ஊர் நம்பியது, அவன் பெண்டாட்டியும் நம்பினாள்.

தவசிமணிக்குத்தான் சோறு இறங்கவில்லை. இரண்டு மாசத்துக்கு முன்பு அந்தச் சக்கரத்துக்குப் பேரிங் மாற்றியது அவர். ஸ்டேஷன் வளாகத்தில் நசுங்கிக் கிடந்த காரை, ஏதோ சாக்குச் சொல்லிப் போய்ப் பார்த்திருக்கிறார். சக்கரத்தைத் தாங்குகிற பேரிங்கை வண்டியோடு பிடித்திருக்க வேண்டிய மூன்று போல்ட்டில் இரண்டைக் காணோம். மூன்றாவதை விரலால் திருகினார், கையோடு வந்துவிட்டது.

இதையெல்லாம் அவர் விட்டு விட்டுச் சொல்லி முடித்தார். ஜெபக்கனி அதே அளவில் புது போல்ட் ஒன்றை எடுத்துவந்து, இரண்டையும் மரையோடு மரை சேர்த்து வாசல் வெளிச்சத்தில் பிடித்தாள்.

முதல் இரண்டு சுற்று பொருந்தியது. அதற்கு மேல் பொருந்தவில்லை. பழையது இழுபட்டு மயிரிழை நீண்டிருந்தது.

கிரீஸ் போட்ட மரை வழுக்கும் என்றாள். கை பழகிய பலத்தில் முறுக்கினாலே போல்ட் அளவு மீறி இழுபட்டுவிடும், இழுபட்டது பிடிப்பை விட்டுவிடும். பேரிங் போய் உட்காருகிற வளையத்தில் மட்டும் மெலிதாகக் கிரீஸ் தடவலாம். மரையைத் துடைத்து, காயவிட்டு, பசை போட வேண்டும். முறுக்குவதற்கு அளவு காட்டுகிற ஸ்பேனர். அந்த வண்டிக்குப் புத்தகத்தில் எழுதியிருப்பது அவ்வளவுதான்.

"அப்போ என்னாலதானா டீச்சர்?"

"கிரீஸ் எதுக்குப் போட்டிய?"

"அடுத்துக் கழட்டுதவன் திட்டக் கூடாதுன்னு."

"யாராவது திட்டுனாங்களா?"

"இருபத்தாறு வருஷத்துல ஒருத்தன்கூடத் திட்டல."

"பால்துரையும் திட்டலதான?"

தவசிமணி கீழே கிடந்த டயரில் உட்கார்ந்துவிட்டார். தேம்பித் தேம்பி அழுதார். ஜெபக்கனி ஆறுதலாக ஒரு சொல் சொல்லவில்லை.

அழுது தீர்ந்ததும் அவரே பேசினார். தன் ஷெட்டை இழுத்து மூடிவிடப் போகிறாராம். காலையில் முதல் வேலையாகப் பால்துரை வீட்டுக்குப் போய் அந்தப் பெண் காலில் விழப் போகிறாராம். அப்படியே வெறுங்காலோடு திருச்செந்தூருக்கு நடந்து, மொட்டை போட்டு, கடலில் முங்கப் போகிறாராம்.

"உப்பத் தின்னவன் தண்ணி குடிச்சுத்தான ஆகணும்" என்றார்.

"குடிங்க. பால்துரை வண்டிக்குப் பொறவு எத்தனை வண்டிக்குப் பேரிங் மாத்துனிய?"

தவசிமணி நிமிர்ந்து பார்த்தார். விரல் விட்டு எண்ணினார். பாங்க் மேனேஜர் வண்டி ஒன்று. மச்சினன் வண்டி இரண்டு. கோவில்பட்டிக்காரர் ஒருத்தர் அவசரமாக வந்து போட்டுப் போனது மூன்று.

நாலாவது விரலை மடக்கினவர் அதோடு நிறுத்திவிட்டார்.

"நாலாவது?" என்றாள்.

"கபிரியேல் வேன்."

"எந்தக் கபிரியேல்?"

"கான்வென்ட் பிள்ளையள ஏத்துவானே, அவன்."

சுவரில் மணி நாலு பத்து. கான்வென்ட் நாலு மணிக்கு விடும்.

அவர் எழுந்து நிற்பதற்குள் ஜெபக்கனி ஜாக்கியையும் ஸ்பேனர் பெட்டியையும் தன் காரில் போட்டு வண்டியைக் கிளப்பியிருந்தாள். தவசிமணி ஓடிப்போய் ஏறினார். கபிரியேலின் நம்பரைத் தேடி அழுத்துவதற்குள் இரண்டு தடவை போன் கை நழுவிக் கீழே விழுந்தது.

மணி அடித்தது. அடித்து அடித்து ஓய்ந்தது.

"மறுபடி போடுங்க" என்றாள்.

போட்டார். அடித்து ஓய்ந்தது. மறுபடியும் போட்டார்.

கபிரியேல் நல்ல டிரைவர். வண்டியில் பிள்ளைகள் இருக்கும்போது போனை எடுக்கவே மாட்டான்.